அர்த்தனாரி வீட்டு வாசனை

அவிநாசியில் தவமணி அம்மா என்று ஒருவர் இருந்தார். மூச்சைக் கவனிக்கச் சொல்லிக் கொடுப்பார். வேறு ஏதாவது கேட்டால், "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, மூச்சு மட்டுந்தான் தெரியும்" என்று சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் அவர் வீட்டுக் கூடத்தில் வந்து கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் அர்த்தனாரி. திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருப்பவர். வயதில் தவமணி அம்மாவைவிட மூத்தவர்தான். ஆனாலும் அவருக்கு அம்மா என்றால் அம்மாதான்.

ஒரு ஞாயிறு எல்லோரும் எழுந்து போன பிறகும் அர்த்தனாரி போகவில்லை. முகம் செத்துப் போயிருந்தது.

"என் சம்சாரம் வளர்மதி பாப்பாவைத் தூக்கிட்டு கோபிக்கு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டாளுங்கம்மா. இனி வரமாட்டேங்கறா."

"ஏன்?"

"நம்ம வீட்டுக்கு வந்தாப் பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது. கோபிக்குப் போனா நின்னுருது. இந்த வீடே பாப்பாவுக்கு ஆகலைங்கறா. வீடு எப்படிங்க ஆகாமப் போகும்? நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பா."

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, ஏறாத ஆஸ்பத்திரியெல்லாம் ஏறி, வேண்டாத சாமியையெல்லாம் வேண்டிப் பிறந்த குழந்தை. அதைப் பிரிந்து இருக்கிற மனுஷன் வேறு எப்படிப் பேசுவார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"மருந்து குடுத்திருக்கார். வீட்டுல புகை இருக்கான்னு கேட்டார். நான் பீடி சிகரெட்டைத் தொட்டதில்லீங்க. கொசுவத்தி கூட வைக்கறதில்லை. புகையே கிடையாதுன்னு சொல்லிட்டேன்."

தவமணி அம்மா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"வாங்க, உங்க வீட்டைப் பார்ப்போம்."

வீடு என்றால் வீடு, அப்படி ஒரு வீடு. தரையில் முகம் பார்க்கலாம். சன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தி ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் ரோஜா வாசனை மெழுகுவர்த்தி, படுக்கையறையில் லாவெண்டர், பூஜை அறைக்குப் பக்கத்தில் சந்தனம் என்று கண்ணாடிக் குவளை கண்ணாடிக் குவளையாக எரிந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக்குப் பனியன் ஏற்றுமதி செய்கிற சிநேகிதர் ஒருவர் முதலில் ஒரு பெட்டி கொடுத்தாராம். அப்புறம் அர்த்தனாரிக்கு அதுவே பித்தாகிவிட்டது.

"காலைல என்ன சமைச்சாங்க?" என்று அம்மா கேட்டார்.

அர்த்தனாரி யோசித்தார். "தெரியலீங்க. சமையல்கார அக்கா இன்னும் அடுப்படியிலதான் இருக்காங்க."

"பூண்டு வதக்கறாங்க. வாசப்படிக்கே வந்துச்சு."

"எனக்குத் தெரியலீங்க." கொஞ்சம் வெட்கப்பட்டார். "இந்த மெழுகுவர்த்தி வாசமே இப்பெல்லாம் எனக்குச் சரியாத் தெரியறதில்லைங்க. அதான் ஒண்ணு வெச்ச இடத்துல மூணா வெச்சேன்."

அம்மா படுக்கையறைக்குள் போனார். அங்கே சுவரில் ஒரு பலகை, அதில் லாவெண்டர் எரிந்தது. பலகைக்குக் கீழே தொட்டில். பாப்பா இல்லாத தொட்டிலில் போர்வை மட்டும் மடித்து வைத்திருந்தது.

"உங்க துண்டைக் குடுங்க."

அர்த்தனாரி தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துக் கொடுத்தார். அம்மா மெழுகுவர்த்திக்கு மேலே சுவரை ஒரு தரம் அழுத்தித் துடைத்துத் துண்டைத் திருப்பிக் காட்டினார். விரல் விரலாகக் கரி.

"புகை கிடையாதுன்னு டாக்டர்கிட்டச் சொன்னீங்க."

"இது மெழுகுவர்த்திங்கம்மா. வாசனைக்கு வைக்கறது. விலை கூடின சரக்கு. புகை கண்ணுக்கே தெரியாதுங்க."

"சுவத்துல ஒட்டினது இவ்வளவு. ஒட்டாதது எங்க போயிருக்கும்?"

அர்த்தனாரி தொட்டிலைப் பார்த்தார். பெண்டாட்டி மேல் வைத்திருந்த கோபம் அத்தனையும் அவர் மேலேயே திரும்பிக்கொண்டது. ஒவ்வொரு குவளையாக ஊதி அணைத்தார். கடைசிக் குவளையையும் அணைத்து, புகை அடங்கியதும்தான் பூண்டு வாசம் அவருக்குக் கொஞ்சமாக எட்டியது.

அடுத்த ஞாயிறு ஆள் தெளிச்சியாக வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

"அத்தனை மெழுகுவர்த்தியையும் தூக்கிப் போட்டாச்சுங்கம்மா. இனி நம்ம ஊரு சமாச்சாரந்தான். அசல் சாம்பிராணி, ஒரு கலப்படம் இல்லை. பாப்பா குளிச்சதும் போடலாம்னு வாங்கினேன்."

"புகை வருமா?"

"சாம்பிராணின்னா வராதுங்களா? கமகமன்னு வரும்."

"உள்ள போற புகையை 'நீ எந்த ஊரு'ன்னு பாப்பா நெஞ்சு கேக்குமா?"

அர்த்தனாரி பொட்டலத்தைத் தனக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

"சரிங்க. தண்ணில வாசனை எண்ணெய் சொட்டு விட்டா ஆவியா வருமே, அந்த மெஷின்? அதுல நெருப்பே இல்லீங்க."

"நெருப்பு இல்லை. ஆனா பாப்பா அதையும் மூச்சுலதானே இழுக்கணும்? இழுக்கற நெஞ்சுக்கு எதுக்குங்க அந்தச் சோதனை?"

"அப்ப என்னதான் பண்றது?" குரல் உயர்ந்துவிட்டது. உடனே அவரே தணிந்துகொண்டார்.

"குப்பையை அன்னன்னைக்கு வெளிய எடுங்க. ஈரத்துணியை வெயில்ல போடுங்க. தாளிக்கறப்ப புகையை வெளிய தள்ற காத்தாடியைச் சுத்த விடுங்க. சன்னலைத் திறங்க. டாக்டர் குடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லாதீங்க."

"வாசனைக்கு?"

"மொதல்ல நாத்தம் போகட்டும். அப்புறமும் ஆசையா இருந்தா ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்தி நாலு மல்லிகையைப் போடுங்க. எலுமிச்சம்பழத் தோலை அடுப்படியில வையுங்க. அதுக்கும் பாப்பா தும்மினா, அதையும் எடுத்துடுங்க."

அர்த்தனாரி எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்னங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல ஒருத்தனும் உக்கார மாட்டான். எங்கப்பாவும் சாயப்பட்டறைதான். சாய மருந்து நாத்தம் அடிக்குதுன்னு மூக்கைப் பொத்துவானுங்க. இன்னைக்கும் பட்டறையிலிருந்து வந்தா எத்தனை சோப்பு போட்டாலும் எனக்கு நம்பிக்கை வரதில்லீங்க. நாளைக்கு என் புள்ளையும் மூக்கைப் பொத்திருவாளோன்னு பயம். அதான் வீடு பூரா வாசமா இருந்தா தேவலைன்னு..."

கண் கலங்கிவிட்டது. தவமணி அம்மா உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

அன்றைக்கே அர்த்தனாரி சன்னல்களைத் திறந்தார். திரைச்சீலைகளைத் துவைக்கப் போட்டார். படுக்கையறைச் சுவரைக் கழுவி பெயிண்ட் அடித்து, அந்த வாடை போகும்வரை பொறுத்தார். அப்புறம்தான் கோபிக்குப் போன் செய்தார். தப்பு தன் மேல்தான் என்று வளர்மதியிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"வந்து பார்க்கறேன். பாப்பாவுக்கு இழுத்துதுன்னா அடுத்த பஸ்ஸுலயே திரும்பிருவேன்" என்றாள் அவள்.

"திரும்பிக்கோ. நானே கொண்டாந்து விடறேன்."

வளர்மதி வருகிற அன்றைக்குத் தவமணி அம்மாவும் கூட இருக்க வேண்டும் என்று அர்த்தனாரி கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார். வளர்மதி வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் பை. வாசப்படியில் நின்றவள் உள்ளே கால் வைக்கவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தாள். பாப்பாவின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். அப்புறம் உள்ளே வந்தாள். கூடத்தில் உட்கார்ந்தாள். பையை மட்டும் கையை விட்டு விடவில்லை.

ரொம்ப நேரம் ஆகியும் பாப்பாவுக்கு இழுக்கவில்லை. தவழ்ந்து போய்ச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது. அர்த்தனாரி எட்டத்திலேயே நின்றார். காலையிலிருந்து மூன்று தரம் குளித்திருந்தார். தூக்க ஆசை, தூக்கப் பயம். அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"எல்லாத்தையும் எடுத்தாச்சுங்கம்மா. ஒரு வாசமும் இல்லாம வீடே வெறிச்சுன்னு இருக்கு. ஏதாவது ஒண்ணு வைக்கட்டுங்களா?"

தவமணி அம்மா எழுந்து போய்ப் பாப்பாவைத் தூக்கி வந்தார். அர்த்தனாரி கையில் கொடுத்தார். அது அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்தது.

வளர்மதி பையை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். பாப்பாவின் துணிகளை அலமாரியில் அடுக்கும் சத்தம் கேட்டது.

அம்மா சொன்னார்:

"பாப்பா உச்சியை மோந்து பாருங்க. அதுக்கு மேல ஒரு வாசம் வேணும்னு தோணினா எங்கிட்டச் சொல்லுங்க. நானே வாங்கித் தர்றேன்."

அர்த்தனாரி குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.