ஒரு வருஷம் குறையுது

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் மேஜர் ஜெனரல் ரங்கபாஷ்யம்.

அப்போது அவர் கேப்டன். நான் லான்ஸ் நாயக். சட்டைக் கையில் ஒற்றைப் பட்டை.

பனிமலையில் எட்டுப் பேர் ரோந்து போனோம். அவர் வரைபடத்தைப் பார்த்து இடது பக்கம் என்றார்.

"வலது பக்கம் சாப்" என்றேன்.

"நீ என்ன படிச்சிருக்கே?"

அஞ்சாவது. வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் வழி தெரியாமல் கிடந்தோம். என் இடது காலில் மூன்று விரல் போனது. முன்னால் நடந்த சங்கிலிமுத்துதான், அதாவது நான்தான், வழியைத் தவறவிட்டான் என்று அவர் ரிப்போர்ட் எழுதினார். என் பட்டையை வெட்டிச் சிப்பாய் ஆக்கினார்கள். அடுத்த வருஷம் அவர் மேஜர்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், மலையடிவாரத்தில் ஓடைச்சாமியின் மடத்துக்கு வந்த அன்றே இதைச் சொன்னேன்.

"மறக்க முடியலை சாமி. என்ன செய்யட்டும்?"

"சமைக்கத் தெரியுமா?"

"நூறு பேருக்குச் சமைப்பேன்."

"இங்க ஆறு பேர்தான்."

அவ்வளவுதான் உபதேசம்.

இந்த மாசியில் ஒரு கார் வந்தது. இறங்கியவரின் நடையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் எனக்குத் தாடி கிடையாது. பல்லும் முழுசாக இருந்தது.

"மேஜர் ஜெனரல் ரங்கபாஷ்யம், ஓய்வு" என்றார் சாமியிடம்.

"ஓய்வுதானே? அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம்?"

"தூக்கம் வரலை சாமி. முப்பத்தாறு வருஷம் சர்வீஸ். ஒரு குறையும் இல்லை. ஆனா தூக்கம் வரலை."

"அந்த முப்பத்தாறையும் சொல்லுங்க."

ஒரு மணி நேரம் சொன்னார். பாலைவனம், எல்லைச் சண்டை, வெளிநாட்டுத் தூதரகம், இரண்டு பதக்கம், அவருக்குக் கீழே பத்தாயிரம் பேர். சாமி விரலை மடக்கிக்கொண்டே இருந்தார்.

"முப்பத்தஞ்சுதான் வருது. ஒரு வருஷம் குறையுது. நாளைக்குச் சொல்லுங்க."

சமையற்கட்டில் சாமியைப் பிடித்துக்கொண்டேன்.

"சாமி, அந்த ஆள்தான் இந்த ஆள்."

"தெரியும். ரசம் நல்லா இருந்துது."

"விஷம் வைக்கலையேன்னு சந்தோஷப்படுங்க."

மறுநாளும் முப்பத்தைந்துதான் வந்தது. ஜெனரலுக்குக் கோபம்.

"ஒரு படையையே நடத்தினவன் நான். எனக்கு எண்ணத் தெரியாதா?"

"எனக்குத்தான் தெரியலை. அதான் விரல் விடுறேன்."

மூன்றாம் நாள் நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் கேப்டன் ஆனது வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"ஒரு பனிக்காலம்" என்றார். "வரைபடத்தை நான்தான் தப்பாப் படிச்சேன். முன்னால போனவன் மேல பழியை எழுதிட்டேன்."

"அவன் பேரு?"

பட்டாளத்தில் நம்பர் முதலில், பதவி அடுத்து, பேர் கடைசி. அவரும் அப்படியே சொன்னார். முதலில் என் நம்பர். ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. அந்த நம்பர் என் பெண்டாட்டிக்கே தெரியாது.

அப்புறம், "லான்ஸ் நாயக் சங்கிலிமுத்து."

சிப்பாய் என்று சொல்லவில்லை.

என் குதிகால்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன.

"ஹாஜர் சாப்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் இடது காலைப் பார்த்தார். எழுந்து நின்றார். அவருடைய வலது கை மேலே கிளம்பியது. ஜெனரல் முதலில், நான் அப்புறம். எந்தப் பட்டாளத்திலும் நடக்காது.

"வேண்டாம் சாப்."

"ஏன்ப்பா?"

"தலையில தொப்பி இல்லை. தொப்பி இல்லாம சல்யூட் கிடையாது."

கை பாதியில் நின்றது. அவர் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"தொப்பி வீட்ல கிடக்கு. எடுத்துட்டு வரேன்."

கார் போய்விட்டது. நான் போய்ப் படுத்தேன். விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சாமியே கஞ்சி வைத்திருந்தார். குடிக்கிற மாதிரி இல்லை. இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

இப்போது ஆடி. அவர் வரவில்லை.

நேற்று சாமி கேட்டார். "ஏன் சங்கிலி, தொப்பி இல்லாட்டியும் பரவாயில்லை, வாங்கன்னு ஒரு கடுதாசி போட்டுடலாமா?"

"கூடாது சாமி. அந்த சல்யூட் எனக்கு முறையா வரவேண்டியது. இத்தனை வருஷம் மறக்க நான் வழி தேடினேன். இனிமே அவர் தேடட்டும்."

"கடைசி வரைக்கும் வரலைன்னா?"

"இருக்கட்டும் சாமி. இலை போடட்டுமா?"