ஒன்பது கிலோமீட்டர்

"நான் கடலைத் தொடலம்மா" என்றாள் வேலுத்தாய்.

குரு அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஒம்பது கிலோமீட்டர். ஒம்பதே ஒம்பது."

"உக்காருங்கக்கா."

வேலுத்தாய் உட்காரவில்லை. வாசல் வேப்பமரத்தில் சாய்த்து வைத்த தன் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிறுமலை அடிவாரத்தில் இருந்தது அந்தச் சின்ன மடம். குருவுக்கு வயது நாற்பது. வேலுத்தாய்க்கு ஐம்பது. குரு அவளை அக்கா என்பார். அவள் குருவை அம்மா என்பாள். மூன்று வருடமாக அப்படித்தான்.

வேலுத்தாய் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தின் சத்துணவில் சமையல் உதவியாளர். வேலைக்குச் சைக்கிளில்தான் போவாள். ஐம்பது வயது முடிவதற்குள் திண்டுக்கல்லிலிருந்து கன்னியாகுமரிவரை தன் காலால் மிதித்துப் போய்க் கடலைத் தொட வேண்டும் என்று ஒருநாள் நினைத்தாள். முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூன்று நாள்.

யாரும் சொல்லவில்லை. யாருக்காகவும் நேர்ந்துகொள்ளவில்லை. அவளாக நினைத்தாள்.

ஒரு வருடம் பழகினாள். ஆனி மாதம் கிளம்பினாள்.

தொடாமல் திரும்பி வந்தாள்.

"சைக்கிளை மடத்துக்கே குடுத்துடலாம்னு கொண்டாந்திருக்கேன். இனிமே எனக்கு வேண்டாம். ஏறி உக்காந்தாலே அந்த மைல்கல்லு கண்ணு முன்னால வந்து நிக்குது."

"என்ன மைல்கல்லு?"

"கன்னியாகுமரி ஒம்பதுன்னு போட்டிருக்கும். அதுக்குப் பக்கத்துலதான் விழுந்தேன்."

குரு ஒரு காம்பை உருவினார்.

"முந்நூறுல ஒம்பது" என்றார்.

"நீங்களும் அதையே சொல்லாதீங்கம்மா. எங்க டீச்சரும் அதான் சொல்றாங்க. அம்புட்டுத் தூரம் போனதே பெருசுங்கிறாங்க. என்கூடச் சமைக்கிறவ ஒருபடி மேல. போயிட்டேன்னு சொல்லிடுக்கா, யாரு வந்து பாக்கப் போறாங்கறா. எனக்குத் தெரியுமில்ல?"

குரு அடுத்த காம்பை எடுத்தார்.

"எட்டாவதோட படிப்பு நின்னுச்சு. தையல் கிளாஸுக்குப் போனேன், ஜாக்கெட்டுக்குக் கை வைக்கிறதுக்குள்ள நின்னுச்சு. கல்யாணமாகிக் கட்ட ஆரம்பிச்ச வீடு இன்னும் பூசாம நிக்குது. இது ஒண்ணாவது முழுசா முடியும்னு நெனச்சேன்."

"ஏன் நின்னீங்க?"

"நான் எங்க நின்னேன்? நிப்பாட்டிட்டா."

"யாரு?"

"ஒரு பொம்பள."

இப்போது குரு நிமிர்ந்து பார்த்தார்.

வேலுத்தாய் சொன்னாள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. முப்பது வருடமாக வெள்ளிக்கிழமை விரதம். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. விடிய வள்ளியூரிலிருந்து கிளம்பினால் பத்து மணிக்குள் கடல். கடலைத் தொட்டு, அம்மனைக் கும்பிட்டுவிட்டு அங்கேயே தண்ணீர் குடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

காவல்கிணற்றைத் தாண்டியதும் மேற்கேயிருந்து காற்று அடித்தது. காற்றாலைகளைச் சுழற்றிய வேகத்தில் சைக்கிளையும் ரோட்டுக்குக் குறுக்கே தள்ளியது. எட்டரை மணிக்குக் கண் இருட்டியது.

"விரதம்னா உங்களுக்கு மட்டுமா? சைக்கிளுக்குமா?" என்று கேட்டார் குரு.

"சைக்கிளுக்கு என்ன விரதம்?"

"காலைல காத்தடிச்சீங்களா?"

"ரெண்டு டயருக்கும் அடிச்சேன்."

"அதுக்கு மட்டும் வயிறு நெறச்சு விட்டிருக்கீங்க."

வேலுத்தாய் சிரிக்கவில்லை.

"எந்திரிச்சிருப்பேன்மா. ஒரு அரை மணி நேரம் படுத்துக் கெடந்திருந்தா எந்திரிச்சு மிதிச்சிருப்பேன். அதுக்குள்ள அவ வந்துட்டா. கருப்பட்டித் தண்ணிய வாயில ஊத்தி விரதத்தைக் கெடுத்தா. லோடு ஆட்டோவ நிறுத்தி என்னையும் சைக்கிளையும் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டா. வேண்டாம் வேண்டாம்னு கத்துறேன். காதுலயே வாங்கல."

"அவ பேரு?"

"யாருக்குத் தெரியும்?"

"எந்த ஊரு?"

"கல்லுல அந்த ஊர் பேரு இல்லம்மா. கன்னியாகுமரி ஒம்பதுன்னு மட்டும்தான் இருந்துச்சு."

குரு கையைத் தட்டிவிட்டு எழுந்தார். சைக்கிளிடம் போனார். சீட்டைத் தொட்டுப் பார்த்தார். மணியை ஒருமுறை அடித்தார்.

"மடத்துக்கு இது வேண்டாம்."

"ஏம்மா?"

"நீங்க தொட வேண்டிய கடலை அவதானே எடுத்துக்கிட்டா?"

"ஆமா."

"அப்ப சைக்கிளும் அவளுக்குத்தான் சேரணும். கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

"வெளையாடுறீங்களாம்மா?"

குரு மறுபடி கீரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

*

ஆடி பிறந்து இரண்டாம் வாரம், கன்னியாகுமரிக்குப் போகிற காய்கறி வேன் ஒன்றில் சைக்கிளோடு ஏறினாள் வேலுத்தாய். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியதை வழி நெடுக உருப்போட்டாள்.

நீ என் வாழ்க்கையில ஒரு காரியத்தைக் கெடுத்தே. இந்தா, இதையும் நீயே வச்சுக்க.

நான்கு முறை சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

மைல்கல் பக்கத்தில் இறங்கினாள். கல் அப்படியே இருந்தது. எதிரே ஒரு டீக்கடை இருந்தது. அன்று அதை அவள் பார்த்திருக்கவில்லை.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"நீங்க அந்த ஒம்பது கிலோமீட்டர் அக்கால்லா?"

"என்னது?"

"அவியளேதான்! சைக்கிளும் அதே சைக்கிளு. ஆட்டோல தூக்கி வைக்கும்போ அதையேல்லா சொல்லிட்டுக் கெடந்திய. ஒம்பது கிலோமீட்டர், ஒம்பது கிலோமீட்டர்னு. இங்க ஒரு வாரம் அதான் பேச்சு."

வேலுத்தாய்க்கு முகம் சுட்டது.

"அன்னைக்கு என்னை ஏத்திவிட்டாங்களே, அந்தம்மா வீடு எங்க இருக்கு?"

"கனகபாய் அக்காவா? இந்தால, இந்த வழியா இறங்குங்க. ரெண்டாவது வீடு. முத்தத்துல கொப்பரை காயும்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலடி போனவள் திரும்பினாள்.

"இது எந்த ஊருங்க?"

"ஒத்தப்பனைவிளை" என்றார் டீக்கடைக்காரர். "போர்டு காத்துல போச்சு."

கனகபாய் முற்றத்தில் குனிந்து கொப்பரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலுத்தாய் வயதுதான் இருக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எம்மா! நீங்களா? வாங்க, வாங்க. ஒடம்பு தேவலையா?"

உருப்போட்டதெல்லாம் வேலுத்தாய்க்கு மறந்துபோயிற்று.

"இந்தச் சைக்கிளைக் குடுக்க வந்தேன்."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

"எனக்கா? எனக்கு முட்டுவலி மக்கா. இதுல ஏறுனா என்னை எறக்கி விட நாலு ஆளு வேணும்."

கனகபாய் சிரித்தாள். வேலுத்தாய் சிரிக்காமல் நின்றாள்.

"நீங்க அன்னைக்கு என்னை விட்டிருந்தா நான் போயிருப்பேன்."

"போயிருப்பிய. கடலுக்கு இல்ல."

"அரை மணி நேரம் படுத்திருந்தா சரியாயிருக்கும்."

"கண்ணு சொருகிட்டுல்லா கெடந்திய. கை ரெண்டும் ஐஸ் மாதிரி. வெயில்ல, அரை மணி நேரம்!" கனகபாய் முந்தானையால் கையைத் துடைத்தாள். "இருங்க. குடிக்க வெள்ளம் கொண்டாரேன்."

அவள் உள்ளே திரும்புவதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். எட்டு மாத வயிறு. இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல்.

"யாரும்மா இது?"

"அன்னைக்கு ரோட்டுல விழுந்தாவல்லா, அவிய" என்றாள் கனகபாய். "இவ எனக்க மக, சுபிதா."

சுபிதாவின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது.

"ஓ. நீங்கதானா அது?"

"ஆமாம்மா."

"அம்மா அன்னைக்கு எங்க போயிட்டிருந்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சுபிதா, சும்மா இருட்டி."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது" என்றாள் வேலுத்தாய். எங்கேயாவது போய்க்கொண்டிருந்திருப்பாள் என்பதே இப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"எனக்க வளைகாப்பு. தக்கலைல, மாமியார் வீட்டுல வச்சு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னால அம்மா கையால மொத வளையல் போடணும். சொந்தக்காரங்க எல்லாரும் வேன்ல முன்னால வந்துட்டாவ. பலகாரத் தட்டு மிச்சம் இருந்துதுன்னு அம்மா லோடு ஆட்டோல பின்னால வந்தா."

வேலுத்தாய் கனகபாயைப் பார்த்தாள்.

"தட்டையெல்லாம் டீக்கடை பெஞ்சுல எறக்கி வச்சேன்" என்றாள் கனகபாய், யாரோ குற்றம் சொன்னது போல. "ஒரு முறுக்குகூட ஒடையல."

"எறக்கி வச்சிட்டு இவியள ஏத்தி விட்டா" என்றாள் சுபிதா. "வேற வண்டி கெடைக்கல. கெடைச்சு வந்து சேரும்போ மணி பதினொண்ணு."

"நேரம் போச்சா?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"நேரம் யாருக்காக நிக்கும்? பத்து மணிக்கே என்னை மணையில உக்கார வச்சிட்டாவ. அம்மா இப்ப வந்துருவா, இப்ப வந்துருவான்னு நான் கையை நீட்டிட்டே இருந்தேன். பத்தே இருபத்தஞ்சுக்கு மாமியார் கண்ணைக் காட்டுனாவ. நாத்தனார் போட்டுட்டா."

காற்றில் தென்னை ஓலைகள் இரைந்தன.

"போய்ப் பந்தி பரிமாறுனேன்லா" என்றாள் கனகபாய். "அதுக்கு எவளும் இல்லாம நின்னாளுவ."

வேலுத்தாய் சைக்கிள் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏன் அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீங்க ஒம்பது கிலோமீட்டர் ஒம்பது கிலோமீட்டர்னு அழுதுட்டுக் கெடக்கிய. அந்த நேரத்துல எனக்க சங்கடத்தையும் எடுத்து வச்சா, ரெண்டு பேரும் ரோட்டுலயே உக்காந்து அழ வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டுட்டுப் போங்க" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "இன்னைக்கு வெள்ளி இல்லல்லா? அன்னைக்கு டாக்டர் என்னையல்லா ஃபோன்ல ஏசுனாவ, விரதம்னு முன்னாலயே சொல்லப்பிடாதான்னு!"

வேலுத்தாய் சாப்பிட்டாள். சுபிதாதான் பரிமாறினாள். சோறு வைக்கும்போதும் குழம்பு ஊற்றும்போதும் வளையல்கள் ஒலித்தன. வேலுத்தாய் இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் மீனு வைக்கட்டா?" என்று சுபிதா கேட்டாள். இப்போது அவள் குரலில் கோபம் இல்லை.

"போதும்மா."

"நல்லா சாப்பிடுங்க. அம்மாவுக்கு உங்களை ஏத்திவிட இன்னொரு வண்டி கெடைக்காது."

கனகபாய் மகளின் தோளில் ஒன்று வைத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் மூவரும் முற்றத்துக்கு வந்தார்கள். சைக்கிள் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றது.

"கடலு கிட்டதான்" என்றாள் கனகபாய். "இன்னைக்குக் காத்தும் கொறவு. ஒரு எட்டு போய்த் தொட்டுட்டு வாங்க. ராத்திரி இங்கயே படுத்துக்கிடலாம்."

வேலுத்தாய் சைக்கிளை ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

*

கிளம்பிப்போன ஐந்தாம் நாள் மத்தியானம் மடத்து வாசலில் சைக்கிள் வந்து நின்றது.

வேலுத்தாயின் முகம் கறுத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. கால்கள் இரண்டும் முழங்கால்வரை ரோட்டுப் புழுதி. குரு ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். நின்றபடியே குடித்து முடித்தாள்.

"வேன்ல வரலயா?"

"மிதிச்சுத்தாம்மா வந்தேன்."

"அவ சைக்கிளை வாங்கிக்கலயா?"

"முட்டுவலியாம்."

"யாரு அவ?"

"கனகபாய். ஒத்தப்பனைவிளை. ஒரே மக. அடுத்த மாசம் பிரசவம்."

குரு காலிச் செம்பை வாங்கிக்கொண்டார்.

"கடலைத் தொட்டீங்களா?"

"இல்லம்மா."

"அங்கயிருந்து ஒம்பது கிலோமீட்டர்தானேக்கா?"

வேலுத்தாய் படியில் உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு முந்தானையை இறக்கினாள்.

"எனக்காக அவ அம்மா ரோட்டுல நின்னுட்டா. அந்தப் புள்ள கையை நீட்டிக்கிட்டே இருந்திருக்காம்மா" என்றாள்.