பேர் சொன்ன கருங்குரங்கு

அந்தக் காலத்தில், குரங்கும் மனுசரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, கடல் தாண்டி மாயர் தேசத்துக் காட்டுக்குள்ளே ஒரு கல் நகரம் இருந்தது. அந்த ஊர் ராஜா சண்டையில் ஜெயித்தால் பெரிய கல் ஒன்றை நட்டுத் தன் உருவத்தைச் செதுக்கச் சொல்வான். காலடியில் பிடிபட்டவன் உருவம், அவன் தொடையில் அவன் பேர். பேரைச் செதுக்காமல் ஆளைக் கொல்லக் கூடாது என்பது வழக்கம்.

யாஷ்கான் என்கிற பையன் பிடிபட்டான். எவ்வளவு அடித்தும் பேரை மட்டும் சொல்லவில்லை. தொடையை வெறுமையாக விட்டுவிட்டுக் கல்தச்சன் காத்திருந்தான்.

அவன் அம்மா இஷ்நிக்தே பின்னாடியே வந்து, அரண்மனையில் மக்காச்சோளம் அரைக்கிற பெண்களோடு சேர்ந்துகொண்டாள். தாய் என்று தெரிந்தால் பேரைத் தன்னிடமிருந்து கறந்துவிடுவார்களே என்று, முற்றத்தில் கட்டிப்போட்டிருந்த மகனை ஏறிட்டும் பார்க்க மாட்டாள்.

"ஏண்டி, உனக்குப் பிள்ளை குட்டி இல்லையா?" என்று கூட அரைக்கிறவள் ஒருத்தி கேட்டாள்.

"இல்லக்கா."

"அதான் இப்படிக் குத்துக்கல்லாட்டம் இருக்க. அந்தப் பையனைப் பாத்தா எங்களுக்கே வயிறு எரியுது. பாரு, கண்ணு மட்டும் கலங்குது!"

"சோளம் ஊறின சுண்ணாம்புத் தண்ணி பட்டுடுச்சுக்கா."

பையன் சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தான். அவளுக்குப் பொறுக்கவில்லை. மரத்தில் இருந்த கருங்குரங்கைக் கூப்பிட்டாள்.

"அம்மா வந்திருக்கேன், சாப்பிடச் சொல்லுப்பா."

"நான் சொன்னா நம்புவானா, அத்தை?"

சுற்றுமுற்றும் பார்த்தாள். கடைசியில் மகன் பேரை அதன் காதில் சொன்னாள். "காதோட காதா சொல்லணும், சாமி."

குரங்கு போனது. காவல்காரன் ஈட்டியால் விரட்டினான். மரத்தில் ஏறிப் பார்த்தால் பையன் கண் மூடிக் கிடக்கிறான். செத்தே போனானோ என்று பதறிப்போய்க் கத்திவிட்டது.

"யாஷ்கான்! அம்மா வந்திருக்காடா, கண்ணைத் திற!"

அவன் கண்ணைத் திறந்தான். அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

"யாஷ்கான்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்த கல்தச்சன் உளியை எடுத்தான்.

"என் மகன்யா! விட்டுடுங்கய்யா!" இஷ்நிக்தே ஓடி வந்தாள். அவளைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்கள்.

செதுக்கிய பேரைக் கூட்டத்துக்கு வாசித்துக் காட்டினார்கள். அது யார் காதிலும் விழக் கூடாதென்று குரங்கு தொண்டை கிழியக் கத்தியது. அந்தச் சத்தத்திலேயே வாசித்து முடித்தார்கள். ராஜா கையை உயர்த்தினான்; பையன் கதை முடிந்தது.

இஷ்நிக்தே மரத்தை அண்ணாந்து பார்த்தாள். குரங்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை, ஊளைதான் வந்தது.

அன்று முதல்தான் கருங்குரங்குக்குத் தொண்டை வீங்கிப் பேச்சு நின்றுபோனது. ராஜா போய், நகரம் காடாகிப்போன பின்னாலும், விடியும்போது அந்தக் கற்களுக்கு மேலே உட்கார்ந்து ஊளையிடுகிறது. அது ஓய்கிற வரைக்கும் அந்தப் பக்கத்துத் தாய்மார் யாரும் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.