மூலிகைப் பொடியும் மதியச் சாப்பாடும்

லூர்துராஜின் பண்ணையில் மூன்று நாளாகப் பன்றிக்குட்டிகள் ஓயாமல் கத்தின. "சுக்கு, மிளகு, பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் இதுல இருக்கு. அப்புறம் தவிடு எதுக்கு?" என்று மூலிகைப் பொடி விற்கும் தனபாலன் சொன்னதை நம்பி, லூர்துராஜ் தவிட்டுக் கிடங்கைப் பூட்டிவிட்டு, குட்டிகளுக்குப் பொடியை மட்டும் போடச் சொல்லியிருந்தார்.

தீவனம் போடுவதும் முதலாளிக்குச் சமைப்பதும் சூசையம்மாதான். அவளிடம் அவர் சொன்னார்: "அடுத்த மாசம் வியாபாரி வரும்போது குட்டிங்க கொழுகொழுன்னு நிக்கணும். இளைச்சிருந்தா உனக்கு இங்க வேலை இல்ல."

"சரிங்க முதலாளி. பொடிக்காரரையும் இன்னிக்குச் சாப்பிட வரச் சொல்லுங்க."

மதியம் இருவரும் இலை முன் உட்கார்ந்தார்கள். சூசையம்மா சுக்குப்பொடி, மிளகு, பூண்டு, கறிவேப்பிலை என்று வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். வெளியே கத்தல் கூடிக்கொண்டே போனது. தனபாலனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சோறு எங்கம்மா?"

"உங்க பொடியில உள்ளது எல்லாம் வெச்சிட்டேனே ஐயா."

"வெளையாடுறியா? இதெல்லாம் சோத்தோட சேர்ந்தாத்தான் உடம்புல ஒட்டும். இதை மட்டும் தின்னு எவன் தேறுவான்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். லூர்துராஜ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குட்டிங்களும் அதைத்தான் கேக்குதுங்க. எனக்குத்தான் பதில் தெரியல" என்றாள் சூசையம்மா.

லூர்துராஜ் மடியிலிருந்த சாவியை எடுத்து நீட்டினார். "தவிட்டை அள்ளிப் போடு. பொடியையும் கொஞ்சம் கலந்துக்க."

"அப்ப எங்களுக்குச் சோறு?" என்றார் தனபாலன்.

அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். "உலை கொதிக்குது ஐயா. மூணு நாளா காத்திருக்கிறவங்க முதல்ல சாப்பிடட்டும்."