தொட்டிலுக்குள் சொன்ன பெயர்

அது அரசர்கள் ஆண்ட காலம். ஓர் ஐப்பசி மாதம் பதினேழாம் நாள் காலையில், ஒரு நாட்டின் அரசர் மருதந்துறையில் பரிசலிலிருந்து தவறி ஆற்றில் விழுந்தார். யாரோ ஒருவர் அவருடைய குடுமியைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டார். குடித்த தண்ணீரைக் கக்கிவிட்டு அரசர் கண் திறந்தபோது, எதிர்க்கரையிலிருந்து நீந்தி வந்த காவலர்கள்தான் நின்றார்கள். இழுத்தவரைக் காணவில்லை.

அன்று முதல் அரசரின் நெஞ்சில் ஏதோ ஒன்று தங்கிவிட்டது. அது என்னவென்று அவையில் கேட்டார்.

"மகிழ்ச்சி, அரசே" என்றார் நிகண்டு எழுதும் புலவர் செங்கோடனார்.

"பிறகு ஏன் தொண்டை அடைக்கிறது?"

"அப்படியானால் துயரம்."

"காலையில் சூரியனைப் பார்த்ததும் சிரிப்பு வருகிறதே."

"நன்றியாக இருக்கலாம்."

"நன்றி என்றால் யாரிடமாவது கொடுத்திருப்பேனே, புலவரே! இது என் கையிலேயே இருக்கிறது. இறக்கி வைக்க இடமில்லை."

அவை விகடன் வேம்பன் களுக்கென்று சிரித்தான். செங்கோடனாரின் செய்யுளைக் கேட்கும்போது அரசர் கொட்டாவி விடுவதும், வேம்பன் வாயைத் திறந்தால் நிமிர்ந்து உட்காருவதும் புலவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"சிரிப்பவரே பெயர் சொல்லட்டும், அரசே" என்றார் அவர். " அந்தச் சொல் எந்த நிகண்டிலும் இருக்கக் கூடாது. ஆனால் கேட்டவுடன் அவையில் அனைவருக்கும் விளங்க வேண்டும். பதினைந்து நாளில் முடியாவிட்டால் விகடர் நாட்டின் எல்லையைத் தாண்டட்டும்."

அந்தப் பெயருக்காக ஏங்கிக் கிடந்த அரசர் சம்மதித்தார்.

வீட்டில் வேம்பனின் மனைவி, "மூட்டை கட்டட்டுமா?" என்று கேட்டாள்.

"பாதி கட்டு" என்றான் வேம்பன்.

மறுநாள் அவன் மருதந்துறைக்குப் போனான். துணி துவைப்பவர்கள், பரிசல்காரர், எருமை மேய்ப்பவர்கள் என்று பதினோரு பேர் அங்கே இருந்தார்கள். "அரசரை இழுத்துப் போட்டது யார்?" என்று கேட்டான். பதினோரு பேரும் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

"அன்னிக்கு நான் ஊருக்குப் போயிருந்தேனுங்க" என்றார் பரிசல்காரர். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

"ஊரே ஊருக்குப் போயிருந்ததாக்கும்!" என்று சொல்லிவிட்டு வேம்பன் திரும்பினான். அந்தக் கைகள் ஏன் ஒளிந்தன என்பது பாதி வழியில் அவனுக்கு விளங்கியது.

பதினைந்தாம் நாள் அவை நடுவே ஒரு வெற்றுத் தொட்டில் தொங்கியது.

"பெயர் வைக்கச் சொன்னீர்கள், அரசே. நம் நாட்டில் பெயர் எப்படி வைப்போம்? இரு வீட்டாரும் வந்து, தொட்டிலுக்குள் குனிந்து மூன்று முறை சொல்வோம். உங்கள் வீடு வந்துவிட்டது. மற்ற வீடு எங்கே?"

"எந்த மற்ற வீடு?"

"ஆற்றில் ஒரு கை உங்கள் குடுமியைப் பிடித்ததே, அந்த வீடு. துறைக்காரர்கள் பதினோரு பேரை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். அவர்களில் ஒருவர். யாரென்று எனக்கும் தெரியாது. அரசர் தலையைத் தொட்டால் கை போகும் என்ற சட்டம் இருக்கும்வரை தெரியப்போவதும் இல்லை."

"அது என் பாட்டனார் போட்ட சட்டமாயிற்றே. நான் மறந்தே போனேன்."

"துறையில் யாரும் மறக்கவில்லை, அரசே."

அரசர் எழுந்து வாசலுக்கே போனார். பதினோரு பேரும் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"யார் கையும் போகாது. இது என் வாக்கு" என்றார்.

பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எருமை மேய்க்கும் இருளாயி வலது கையை முன்னால் கொண்டுவந்தாள்.

"எருமைக்கன்னு முங்குதுன்னு நெனச்சுதான் சாமி புடிச்சேன். வெளிய வந்தப்புறந்தான் கடுக்கனைப் பார்த்தேன். மயிரைப் புடிச்சதுக்கு மன்னிக்கணும். அன்னிக்கு ஓடிட்டேனே தவிர, நீங்க பொழச்சீங்களா இல்லையான்னு பத்து நாளு சோறு எறங்கல. இப்ப ஒடம்பு தேவலையா?"

அரசர் அவளை அழைத்துவந்து தொட்டிலருகே நிறுத்தினார். தானும் குனிந்தார். பேச வாயெடுத்தார், வரவில்லை. இன்னொரு முறை முயன்றார், உதடுதான் அசைந்தது. மூன்றாம் முறை அவர் தொண்டையிலிருந்து ஓர் ஒலி வந்தது. தொடங்கும்போது விம்மலாக இருந்தது, முடியும்போது சிரிப்பாகிவிட்டது. எதிரே குனிந்திருந்த இருளாயியிடமிருந்தும் அதே ஒலி வந்தது.



"புலவரே, இந்தச் சொல் எந்த நிகண்டிலாவது உண்டா?" என்று கேட்டான் வேம்பன்.

"இல்லை."

"அவையில் யாருக்காவது விளங்கவில்லையா?"

செங்கோடனார் மேல்துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்ததும் அரசருக்குச் சிரிப்பு பீறிட்டது. தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, விலா நோகச் சிரித்தார். புலவரும் கடைசியில் சிரித்துவிட்டார்.

சட்டம் அன்று பகலிலேயே நீக்கப்பட்டது. வேம்பனுக்கு அரை வேலி நிலமும் ஒரு கிணறும் கிடைத்தன. இருளாயிக்கு நான்கு கறவை எருமைகள் கொடுத்தார்கள். அவள் அவற்றை ஓட்டிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் துறைக்குத் திரும்பினாள்.