கடைசிக் கிளை

ஓடைக்கரையில் ஒரு நாட்டு வாதுமை மரம் நின்றது. அதன் பொந்தில் ஞானாபரணம் என்ற அணில் தன் மனைவி சாலோமியோடும் மூன்று பிள்ளைகளோடும் குடியிருந்தான். மூத்த இரண்டும் பையன்கள். தீனிக்கும் சண்டைக்கும் அவர்களைக் கூப்பிடவே வேண்டாம், முன்னால் வந்து நிற்பார்கள். கடைக்குட்டியின் பெயர் கிருபை. கோடையில் ஓடை வற்றிக் கிடந்த நேரத்தில் பிறந்தவள். வாலில் மயிர்கூடச் சரியாக அடராமல் நூல் மாதிரி இருப்பாள்.

அணிலுக்கு ஏது இப்படிப் பெயர் என்று கேட்காதீர்கள். ஞானாபரணத்தின் கொள்ளுத்தாத்தா மலையடிவாரத்துக் கோயிலின் ஓட்டுக்கு அடியில் பிறந்தவர். அறுப்பின் பண்டிகைக்கு ஜனங்கள் நெற்கதிரும் வாழைத்தாரும் பூசணியும் சுமந்து வந்து பீடத்தின் முன்னால் வைப்பதை ஓட்டு இடுக்கு வழியாகப் பார்த்து வளர்ந்தவர். பார்த்ததோடு நிற்காமல் பூசணியைக் கொஞ்சம் சுரண்டியும் விட்டதால் அவரை விரட்டிவிட்டார்கள். காட்டுக்கு வரும்போது பாட்டு, ஜெபம், பண்டிகை எல்லாவற்றையும் கூடவே கொண்டு வந்துவிட்டார்.

வாதுமை இலைகள் சிவந்து உதிரத் தொடங்கினால் அவர்களுக்குப் பண்டிகை. ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. முதலில் உதிர்கிற இலையைப் பிடித்து மரக்கவட்டில் விரிப்பார்கள். முதல் வாதுமைக்காயை அதன்மேல் வைப்பார்கள். சாயங்காலம் அடிவாரத்தில் கோயில் மணி அடித்ததும் எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் செய்வார்கள். பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு காரியத்தைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி செலுத்த வேண்டும். மழைக்காலம் பிறக்கும்வரை தினமும் இந்தச் சாயங்கால ஜெபம் நடக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஓடைப் பக்கமாக நீண்டிருக்கும் கடைசிக் கிளையில் அந்த வீட்டார் யாரும் காய் பறிக்கக் கூடாது. வயலின் ஓரத்துக் கதிரை எளியவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் விட்டுவிட வேண்டும் என்று போதகர் பிரசங்கத்தில் சொன்னதைக் கேட்டுக் கொள்ளுத்தாத்தா வைத்த வழக்கம் அது. வயல் இல்லாத அணில் கிளையைத்தானே விட முடியும்?

அந்தக் கிளையை நம்பி வருடா வருடம் ஒரு மைனா வந்தாள். ஒரு சிறகு சரியாக விரியாது. கூட்டம் வேறு பக்கம் பறந்து போகும்போது அவளால் கூடவே போக முடியாது. அதனால் இலை உதிர்கிற காலத்தில் தத்தித் தத்தி மரமேறி, கடைசிக் கிளையில் உட்கார்ந்து பழுத்த காயின் சதையைக் கொத்தித் தின்பாள். மழை முடியும்வரை இரவும் பகலும் அங்கேதான்.

ஞானாபரணத்துக்கு மைனாவிடம் ஒரே ஒரு மனத்தாங்கல் இருந்தது. சாயங்காலம் அவன் கண்ணை மூடி, தொண்டையைச் செருமி, ஜெபத்தில் இறங்கும் நேரம் பார்த்து அவள் திடீரென்று கத்துவாள். சாதாரணக் கத்தலா அது! சிறகை அடித்துக்கொண்டு மரமே அதிரும்படி கத்தி ஓய்வாள். பையன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வாலைக் கடித்துக்கொள்வார்கள். ஒருநாள் ஜெபம் முடிகிற சமயத்தில் ஏதோ சொல்ல வந்தவளை, ஞானாபரணம் கண்ணைத் திறக்காமலே கையைக் காட்டி நிறுத்தினான். ஆமென் சொல்லி முடித்த பிறகு ஆராதனை நேரத்தில் எப்படி அமைதியாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு நீளமாகப் புத்தி சொன்னான். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு அவள் எதையும் சொல்ல வரவில்லை. கத்துவதை மட்டும் விடவில்லை.

கிருபைக்கு மைனா என்றால் உயிர். அந்த ஒடிந்த சிறகுக்குள் ஒண்டிக்கொண்டுதான் தூங்குவாள். பிறந்த வருடத்து மழையில் அவள் பிழைத்ததே அந்தச் சூட்டினால்தான் என்று சாலோமி சொல்வாள்.

அடுத்த வருடம் மழை பொய்த்தது. ஓடையில் தவளை கத்தக்கூடத் தண்ணீர் இல்லை. வாதுமை பாதிகூடக் காய்க்கவில்லை. பாதி இலைகள் சிவக்கும் முன்பே கருகி விழுந்தன. கிருபை இன்னும் மெலிந்துபோய், ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவினால் நின்று மூச்சு வாங்கினாள். இந்தப் பிள்ளை வரப்போகும் மழைக்காலத்தைத் தாண்டுமா என்ற பயம் ஞானாபரணத்தைப் பிடித்துக்கொண்டது. பொந்துக்குள் தலையை விட்டுச் சேமிப்பைப் பார்ப்பான். வெளியே வந்து கடைசிக் கிளையைப் பார்ப்பான். அதில் மட்டும் என்னவோ காய் நிறையத் தொங்கியது.

ஒருநாள் விடிந்ததும் அவன் அந்தக் கிளைக்குப் போனான். சாலோமி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அந்தக் கிளை நம்மளது இல்லைன்னு நீங்கதான பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தீங்க" என்றாள்.

"சொல்லிக் குடுக்கலைன்னு யாரு சொன்னா? ஆனா ஆண்டவருக்குக் காயா வேணும்? நம்ம மனசுதான வேணும். இந்த வருசம் ஜெபத்தைக் கொஞ்சம் கூட்டிப் பண்ணிருவோம்." அவன் குரல் தாழ்ந்தது. "சின்னவளைப் பாரு சாலோமி. அவ எலும்பை எண்ணிரலாம்."

சாலோமி திரும்பிப் பார்த்தாள். கிருபை கவட்டில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் பறித்துப் போட்டதையெல்லாம் சாலோமியே சுமந்துபோய்ப் பொந்தில் அடுக்கினாள்.

பெற்ற மனம் அப்படித்தான் என்று விட்டுவிடலாம். ஆனால் ஞானாபரணம் அதோடு விடவில்லை. கிளை மொட்டையாகிப் போனதைத் தனக்கே மறைப்பதுபோல் பண்டிகையைப் பெரிதாக்கினான். சிவப்பு இலைகளைக் கோத்து மரம் முழுக்கத் தோரணம் கட்டச் சொன்னான். பழைய பாட்டுகளோடு புதுப் பாட்டுகளும் சேர்ந்தன. ஜெபம் மணி அடிக்கும்போது தொடங்கி, இருட்டும்வரை நீண்டது. அக்கம்பக்கத்துக் கிளிகள்கூட, ஞானாபரணம் வீட்டுப் பண்டிகை மாதிரி வராது என்று பேசிக்கொண்டன. அதைக் கேட்டு அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நன்றி சொல்லும் நேரம் வந்தது. பெரியவன் பொந்துக்காகவும் நடுவிலவன் பல்லுக்காகவும் நன்றி சொன்னார்கள். கிருபை எழுந்து நின்று, "கடைசிக் கிளைக்காக நன்றி, ஆண்டவரே" என்றாள். கிளை மொட்டையானதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சாலோமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞானாபரணம் அவசரமாக அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டான்.

மறுநாள் மைனா வந்தாள். வழியெல்லாம் இரை கிடைக்காமல் இளைத்துப் போயிருந்தாள். தத்தித் தத்தி மேலே ஏறிக் கிளையைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, கிளை காலியா இருக்கே" என்றாள்.

ஞானாபரணம் கனிவாகத்தான் பேசினான். இந்த வருடம் காய்ப்பு இல்லை, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, எல்லோருக்கும் கஷ்டகாலம் என்று எடுத்துச் சொன்னான். "ஆனா ஒண்ணு. உனக்காக விசேஷமா ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கோம். ஆண்டவர் உனக்கு ஒரு வழி திறப்பார்" என்று முடித்தான்.

மைனா பொந்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உள்ளே அடுக்கியிருந்தது தெரிந்திருக்கும். "சரி அண்ணாச்சி" என்றாள். பிறகு, "சின்னப்பிள்ளையைச் சாயங்காலத்துல தனியா விடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஒடிந்த சிறகை இழுத்துக்கொண்டு ஓடையைக் கடந்து போனாள். கிருபை கிளை நுனிவரை ஓடிப்போய் மைனாக்கா, மைனாக்கா என்று கூப்பிட்டாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிரவு கிருபை சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். மைனாக்கா பசியோடு போய்விட்டாள் என்று அழுதாள். நம் ஜெபத்தைக் கேட்டு ஆண்டவர் கொடுப்பார் என்று ஞானாபரணம் தேற்றினான். "எதை வச்சுக் கொடுப்பார்?" என்று அவள் கேட்டாள். தூங்கு என்று அதட்டிவிட்டான்.

பிறகு வந்த சாயங்காலங்களில் ஜெபம் தங்கு தடையில்லாமல் நடந்தது. கத்துவதற்கு யாருமில்லை. இந்த அமைதிக்குத்தானே இத்தனை வருடம் ஏங்கினோம் என்று ஞானாபரணம் நினைத்துக்கொண்டான்.

ஒருநாள் மணி அடித்தது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவன் மலைக்காக ஜெபித்தான், மழைக்காக ஜெபித்தான், மெலிந்த பிள்ளைக்காக உருகி உருகி ஜெபித்தான். சொல்லச் சொல்ல அவனுக்கே கண்ணீர் வந்தது. பசித்தவர்களுக்காகவும் வழிப்போக்கர்களுக்காகவும் ஜெபித்தான். ஆமென் என்று கண்ணைத் திறந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. பையன்கள் இருவரும் இருந்தார்கள். கிருபையின் இடம் காலியாக இருந்தது.

சாலோமி கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். கடைசிக் கிளையிலிருந்து நீளமாக ஒன்று நழுவி, அடிமரத்தில் இறங்கி, அவசரமே இல்லாமல் புல்லுக்குள் போனது. சாரைப்பாம்பு.

ஞானாபரணம் கிளை நுனிக்குப் பாய்ந்தான். அங்கே பிள்ளை இல்லை. ஒரு சிவப்பு இலை கவனமாக விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் பாதி வாதுமைப் பருப்பு. மறுபாதியைக் கடித்த சின்னப் பல்லின் தடம் அதில் இருந்தது. தன் பங்கில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை அவள் மைனாவுக்காக அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். எல்லோரும் கண்ணை மூடிய நேரம்தான் அவளுக்குத் தோதாக இருந்திருக்கிறது.

சாலோமியின் அழுகையைக் கேட்டு ஓடைக்கரையே விழித்துக்கொண்டது. ஞானாபரணம் அழவில்லை. அந்தப் பாதிப் பருப்பைக் கையில் வைத்துக்கொண்டு விடியும்வரை கிளையிலேயே உட்கார்ந்திருந்தான்.

மழை வந்தது, போனது. கடைசிக் கிளையில் பறித்த காய்களை யாரும் தொடவில்லை. பையன்கள் பசித்துக் கிடந்தபோதும் அந்தப் பக்கம் போகவில்லை. அவை பொந்துக்குள்ளேயே பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போயின.

மறுவருடம் மரம் நன்றாகக் காய்த்தது. இலைகள் சிவந்தன. தோரணம் கட்டுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஞானாபரணம் கடைசிக் கிளையை விட்டுவிட்டான். அதற்கு முந்தின கிளையையும் விட்டுவிட்டான். தினமும் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இலை பாதி உதிர்ந்த பிறகு மைனா வந்தாள். கரையான் புற்றைக் கிளறித் தின்று எப்படியோ உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். கழுத்து மயிர் உதிர்ந்துபோய் அவளா என்று கேட்கும்படி இருந்தாள். காய் தொங்கும் கிளையை அவள் பார்க்கவே இல்லை. கவட்டைப் பார்த்தாள், பொந்து வாசலைப் பார்த்தாள்.

"சின்னப்பிள்ளை எங்க?" என்று கேட்டாள்.

சாலோமிதான் சொன்னாள். கிளை காலியானது எப்படி என்பதையும் மறைக்காமல் சொன்னாள். மைனா கீழே புல்லைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மணி அடிச்சா அது ஏறும், அண்ணாச்சி. வருசா வருசம் ஏறும். நான் கத்தினா இறங்கிப் போயிரும்."

"நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?" ஞானாபரணத்தின் குரல் உடைந்தது.

"சொல்லத்தான் வந்தேன். நீங்க கண்ணை மூடியிருந்தீங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவனால் தாங்க முடியவில்லை. அந்த வருடம் முழுக்க வராத அழுகை அப்போதுதான் அவனுக்கு வந்தது. பையன்கள் அப்பா அழுவதை முதல்முறையாகப் பார்த்துப் பயந்து அம்மாவிடம் ஒட்டிக்கொண்டார்கள்.

அடிவாரத்தில் மணி அடித்தது. சாலோமி ஒரு சிவப்பு இலையை எடுத்துக் கவட்டில் விரித்து, முதல் காயை வைத்தாள். கிருபையின் இடத்தில் மைனாவை உட்காரச் சொன்னாள். ஞானாபரணம் அன்று, "ஆண்டவரே, மன்னியும்" என்ற இரண்டே வார்த்தையில் ஜெபத்தை முடித்துக்கொண்டான். கண்ணை மூடவில்லை. இருட்டுகிறவரை புல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பசித்தவரின் பங்கை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக நீட்டுகிற ஜெபம், நம் கண்ணை மூடுவதற்கு உதவுமே தவிர, நம் வீட்டைக் காப்பதற்கு உதவாது.