தொட்ட காய்

மாவட்டச் சதுரங்க சாம்பியன் தாணுமூர்த்திக்கு எதிரே முதல்முறை போட்டிக்கு வந்த லில்லிபுஷ்பம் உட்கார்ந்தாள். தன் முறை வந்ததும் கோணலாக நின்ற குதிரையை நேராக்கினாள்.

"தொட்ட காயை நகர்த்தணும். விதி தெரியாதுன்னா வீட்டிலேயே ஆடும்மா" என்றார் அவர். நடுவரும் தலையாட்டினார். குதிரை நகர்ந்தது, அவளுடைய ராணி பறிபோனது.

அடுத்த முறை காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திய கையோடு பணிவாகக் கேட்டாள். "தோல்வியை எப்படி சார் ஒத்துக்கணும்?"

"இதுகூடத் தெரியாதா?" தம் ராஜாவைப் பிடித்துச் சாய்த்துக் காட்டினார். "இப்படித்தான்."

அவள் நடுவரைக் கூப்பிட்டாள். "சாரோட முறை. ராஜாவைத் தொட்டுட்டார், நகர்த்தச் சொல்லுங்க."

நடுவருக்கே தூக்கிவாரிப் போட்டது. ராஜா போக ஒரே கட்டம்தான் இருந்தது. போனால் அவளுடைய அடுத்த நகர்வில் செக்மேட்.

தாணுமூர்த்திக்கு முகம் வெளிறியது. "சொல்லிக் கொடுக்கத்தானே தொட்டேன்."

"நானும் நேரா வைக்கத்தான் தொட்டேன் சார்."